சௌகரியம்: 0 முடிவுகள்

மின்நூல் படிக்க வைத்திருக்கிற ரீடருக்குப் போன வாரம் பேட்டரி மாற்றினேன். மாற்றிய கையோடு ஆபீஸுக்கு எடுத்துப் போனதில் பக்கத்து சீட் தம்பி கண்ணில் பட்டுவிட்டது. “அக்கா, இவ்வளவு வருஷமா வெச்சிருக்கீங்க. ஆடித் தள்ளுபடியில விலை இறங்கியிருக்கு. வாங்கலாமா, வேண்டாமா? ஒரே வார்த்தையில சொல்லுங்க” என்றான். “வேண்டாம்” என்றேன். அவன் என் கையில் இருந்த ரீடரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், சிரித்துக்கொண்டே டீ குடிக்கப் போய்விட்டான். அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

திரை எத்தனை அங்குலம், எத்தனை ஜிபி என்பதெல்லாம் விற்கிற இடத்திலேயே போட்டிருக்கும். கம்பெனி பெயரும் வேண்டாம். நான் திட்டப்போவதில் பாதி எந்தக் கம்பெனி ரீடருக்கும் பொருந்தும். மீதிப் பாதி ரீடரைச் சேர்ந்ததே இல்லை, தமிழ் மின்நூல் போடுகிறவர்களைச் சேர்ந்தது.

முதலில் பேட்டரி. சார்ஜ் ஏற்றினால் வாரக்கணக்கில் நின்ற கருவி, கொஞ்ச நாளாக ஒரு ராத்திரியில் செத்துப்போக ஆரம்பித்தது. கம்பெனி சர்வீஸில் கேட்டால் இந்த மாடலுக்குப் பாகம் வருவதில்லையாம், பழையதைக் கொடுத்தால் புதியதில் கொஞ்சம் கழித்துக்கொள்வார்களாம். கண்ணாடி உடையவில்லை, திரையில் ஒரு கோடு விழவில்லை, ஒரு பேட்டரிக்காக முழுசையும் தூக்கிப் போடு என்கிறார்கள். கோபத்தில் நேராகக் கும்பகோணம் பெரிய கடைத்தெருப் பக்கம் ஒரு செல்போன் ரிப்பேர் கடைக்குப் போனேன். அந்தப் பையன் அதற்கு முன்னால் ஒரு ரீடரைத் திறந்ததே இல்லை. ஆனாலும் பின்மூடியின் ஓரத்தில் சூடு காட்டி, கிட்டார் வாசிக்கிற பிளாஸ்டிக் தகடு மாதிரி ஒன்றை இடுக்கில் விட்டு, பசையை அங்குலம் அங்குலமாக அறுத்தான். “அக்கா, உள்ள இருக்கிற கண்ணாடி அப்பளம் கணக்கா இருக்கு, ஒடைஞ்சா என்னைக் கேக்கக் கூடாது” என்று முதலிலேயே சொல்லிவிட்டான். உடையவில்லை. இணையத்தில் வரவழைத்த பேட்டரிக்கும் அவன் கூலிக்கும் சேர்த்து ஆனது, புது ரீடர் விலையில் பத்தில் ஒரு பங்குதான். இப்போது பழையபடி வாரக்கணக்கில் நிற்கிறது. இந்த வகைத் திரைக்குப் பக்கம் திருப்பும்போது மட்டும்தான் மின்சாரம் வேண்டும், எழுத்து நிற்பதற்கு வேண்டாம். வைஃபையை அணைத்து வைத்தால் சார்ஜர் எங்கே வைத்தோம் என்பதே மறந்துபோகும்.

இனி, படிப்பு. ரீடரைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றால் அதில் என்ன படித்தேன் என்பதைச் சொல்லாமல் முடியாது. ரம்மி ஆட வாங்கியவன் அனுபவம் வேறு, என் அனுபவம் வேறு.

இப்போது ஓடிக்கொண்டிருப்பது உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. நான் கும்பகோணத்தில் இருந்து தஞ்சாவூருக்கு ரயிலில் வேலைக்குப் போகிறவள். காலை பாசஞ்சரில் தாராசுரம், சுவாமிமலை, சுந்தரப்பெருமாள்கோவில், பாபநாசம் என்று வண்டி நின்று நின்று போகும். பாபநாசத்துக்குப் பக்கத்தில்தான் உத்தமதானபுரம், 1855-ல் பிறந்த அவருடைய சொந்த ஊர். ரயிலில் இருந்து ஊர் தெரியாது, வயலும் மூங்கில் கொல்லையும்தான் தெரியும். ஆனால் அவருடைய அப்பா மகனுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க ஆள் தேடி, குடும்பத்தை ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு அலைந்ததைப் படித்துக்கொண்டே அந்த ஊர்களின் பக்கமாகப் போவது தனி சுகம். இந்தப் புத்தகத்தின் அச்சுப் பிரதி வீட்டில் இருக்கிறது. அலமாரியில் கீழ்த்தட்டில், கனம் தாங்காமல். அதைப் பையில் போட்டு, டிபன் பாக்ஸும் தண்ணீர் பாட்டிலும் போட்டு, ஜன நெரிசலில் ஏறி இறங்க என்னால் ஆகாது. அதனால் பல வருஷம் அது படிக்கப்படாமலே இருந்தது. ரீடர் வந்த பிறகுதான் உள்ளே நுழைந்தேன். இந்த ஒரு காரியத்துக்காகவே இதற்குக் கொடுத்த காசு வசூலாகிவிட்டது என்று நான் ஆபீஸில் பலமுறை சொல்லியிருக்கிறேன். தம்பியிடமும் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் அவன் சிரித்தான்.

எதிர்பார்க்காமல் கிடைத்த சந்தோஷம் ஒன்று உண்டு. ‘என் சரித்திரம்’ ஆனந்த விகடனில் 1940-ல் தொடங்கி, 1942-ல் அவர் காலமாகும் காலம் வரை வாராவாரம் வந்த தொடர். 122 அத்தியாயம். வாரப் பத்திரிகைக்கு எழுதியதால் ஒவ்வொன்றும் சின்னது, ஒவ்வொன்றுக்கும் தனித் தலைப்பு, பெரும்பாலும் ஒரு கொக்கியில் நிற்கும். கும்பகோணத்தில் வண்டி கிளம்பும்போது ஓர் அத்தியாயத்தைத் தொடங்கினால் பாபநாசம் தாண்டுவதற்குள் முடிந்துவிடும். அய்யம்பேட்டை வருவதற்குள் அடுத்ததில் பாதி. கெட்டிப் புத்தகமாகக் கையில் எடுத்தால் மலைப்பாக இருந்தது, ஒரு நேரத்துக்கு ஓர் அத்தியாயம் மட்டும் கண்ணில் படுகிற திரையில் தொடராகவே மாறிவிட்டது. ஜன்னலோர சீட்டில் வெயில் நேராக விழுந்தாலும் எழுத்து மங்காது. இன்னும் கறுப்பாகத் தெரியும். போனில் இது நடக்காது.

எதிர் சீட் தாத்தா ஒருவர் ஒருநாள் வாங்கிப் பார்த்தார். “இதுல பாட்டு வருமா?” என்றார். வராது என்றேன். “படம்?” அதுவும் வராது. “பின்ன இதுக்கு எதுக்கும்மா அவ்வளவு காசு?” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பாட்டும் படமும் வராததற்குத்தான் காசு என்று சொல்லியிருக்கலாம். திட்டை வந்துவிட்டது, எல்லோரும் எழ ஆரம்பித்துவிட்டார்கள்.

இதற்கு முன்னால் முடித்தது ‘பிரதாப முதலியார் சரித்திரம்’. 1879-ல் அச்சான முதல் தமிழ் நாவல் என்று பள்ளிக்கூடத்தில் ஒரு மார்க் கேள்வியாக மனப்பாடம் செய்தோமே, அதேதான். ஒரு மார்க்குக்கு மேல் அதில் நிறைய இருக்கிறது. கதாநாயகி ஞானாம்பாள் ஆண் வேஷம் போட்டுக்கொண்டு ஓர் ஊருக்குள் போக, பட்டத்து யானை அவள் கழுத்தில் மாலையைப் போட்டு, ராஜாவாகவே ஆக்கிவிடுகிறார்கள். அவள் ஆளுகிற பகுதி ஜோர். நடுநடுவே ஆசிரியர் வேதநாயகம் பிள்ளை கதையை நிறுத்திவிட்டுப் பிரசங்கத்தில் இறங்குவதுதான் பொறுமையைச் சோதிக்கும். அவர் மாயூரத்தில் முன்சீபாக இருந்தவர், தீர்ப்பு எழுதிய கை. பிரசங்கம் வரும்போது திரையைத் தட்டித் தட்டித் தள்ளிவிட்டேன், அதற்கும் ரீடர் வசதி. ஆனால் இதைப் படித்தது வீண் போகவில்லை. ‘என் சரித்திர’த்தில் உ.வே.சா. மாயூரத்துக்கு மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கப் போகிறார். அந்தப் பிள்ளையவர்களின் நெருங்கிய நண்பர் யாரென்று பார்த்தால் நம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை! அவர் பேரில் பிள்ளையவர்கள் ‘குளத்தூர்க் கோவை’ என்று ஒரு பிரபந்தமே பாடியிருக்கிறார். போன புத்தகத்தின் ஆசிரியர் இந்தப் புத்தகத்தில் நடமாடுகிறார். அந்த அத்தியாயம் வந்த அன்று இறங்க வேண்டிய ஸ்டேஷனைக் கிட்டத்தட்ட விட்டிருப்பேன்.

இவ்வளவும் பாராட்டு. இனி வயிற்றெரிச்சல்.

உ.வே.சா. மாணவராக இருந்தபோது சாப்பாட்டுக்கு என்ன செய்தார் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. குருவின் வீட்டில் அவர் சாப்பிட முடியாது, அந்தக் கால ஜாதி வழக்கம் அப்படி. அதனால் எந்த ஊருக்குப் போனாலும் எங்கே தங்குவது, எங்கே சாப்பிடுவது என்ற கவலை கூடவே வரும். அந்த இடங்களைத் திரும்பப் புரட்டிப் பார்க்கலாம் என்று தேடலில் ‘சௌகரியம்’ என்று அடித்தேன். 0 முடிவுகள். ‘சௌகரிய’ என்று குறைத்து அடித்தேன். 0. ‘சௌக்கியம்’. 0. ஒருவரை ஒருவர் பார்க்கிற இடத்தில் எல்லாம் சௌக்கியமா என்று கேட்கிற காலத்துப் புத்தகத்தில், சௌக்கியம் ஓர் இடத்தில்கூட இல்லையாம். அந்தச் சொல் இருக்கிற பக்கத்தையே திறந்து வைத்துக்கொண்டு தேடினேன். கண்ணுக்கு முன்னால் எழுத்து இருக்கிறது, கருவி இல்லை என்கிறது.

விஷயம் இதுதான். அந்த மின்நூலில் இருப்பது ‘சௌ’ இல்லை, ‘செள’. ‘செ’ போட்டு, பக்கத்தில் ‘பள்ளம்’ என்பதில் வருகிற ‘ள’ போட்டிருக்கிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு இரண்டும் வேறு. பழைய தமிழ் டைப்ரைட்டரில் ஔகாரத்துக்கு என்று தனி விசை கிடையாது. கொம்பை அடி, எழுத்தை அடி, ளகரத்தை அடி, தாளில் ‘கௌ’ வந்துவிடும். கணினி வந்த புதிதில் ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்த காலத்திலும் இந்தப் பழக்கம் தொடர்ந்தது. யூனிகோடில் ஔகாரக் குறிக்குத் தனி இடம் இருக்கிறது. ஆனால் பழைய கோப்பை யூனிகோடுக்கு மாற்றிய மென்பொருளுக்கு எது குறி, எது நிஜ ளகரம் என்று தெரியவில்லை. மாற்றியவர்கள் பார்க்கவும் இல்லை. புத்தகம் முழுக்கக் ‘கௌரவம்’ போய் ‘கெளரவம்’, ‘மௌனம்’ போய் ‘மெளனம்’, ‘ஔவையார்’ போய் ‘ஒளவையார்’. இதையே போனில் வாசிக்கச் சொன்னால் அந்தப் பெண் குரல் “கெ-ள-ரவம்” என்று ஒரே சீராக வாசிக்கிறது. ஔவையார் ‘ஒள-வையார்’ ஆகிவிடுகிறார். முதல் தடவை சிரிப்பு வரும். சமையல் வேலை செய்துகொண்டே அரை மணி நேரம் கேட்டுப் பாருங்கள்.

இது சின்ன விஷயம் என்று சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் வாங்கியது ஓசிப் பிரதி இல்லை, கடையில் காசு கொடுத்த மின்நூல். உரிமைக் காலம் என்றோ முடிந்துபோன நூல் இது, ஆசிரியர் குடும்பத்துக்கு ஒரு பைசா போகப்போவதில்லை. அப்படியானால் நான் கொடுத்த காசு எதற்கு? ஒருவர் உட்கார்ந்து சரிபார்த்திருப்பார் என்பதற்குத்தானே? ஒரு கோப்பில் இருக்கிற எல்லா ‘செள’வையும் பார்த்து மாற்ற ஒரு சாயங்காலம் போதும். 1998-ல் இருந்து மதுரைத் திட்டத்தில் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து, இலவசமாகக் கொடுத்து வருகிறவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். அவர்கள் கோப்பில் பிழை இருந்தால் நான் வாய் திறக்க மாட்டேன்.

இதைவிட மோசம், பழைய அச்சுப் புத்தகத்தை ஸ்கேன் செய்து மென்பொருளை வைத்து எழுத்தைப் பிரித்தெடுத்த நூல்கள். அங்கே துணைக்காலுக்கும் ரகரத்துக்கும் வித்தியாசம் போய்விடும். ‘பாரதியார்’ என்பது ‘பரரதியரர்’ என்று வந்து நிற்கும். ‘காரணம்’, ‘கரரணம்’. ஒரு பக்கம் படித்தால் கண்ணே பழகிவிடுகிறது, அதுதான் பயமாக இருக்கிறது.

கோபம் கொஞ்சம் இறங்கிய இடம் ஒன்று உண்டு, நியாயத்துக்காக அதையும் சொல்லிவிடுகிறேன். ஓலைச்சுவடியிலும் இதே கதைதான். அதில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். எகரமா ஏகாரமா என்று கொம்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. அந்த மாதிரி ஏடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, இங்கே ‘ர’வா காலா என்று ஒவ்வொரு சொல்லாக முடிவு செய்துதான் உ.வே.சா. 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தார். அதைப் படித்துக்கொண்டிருக்கிற எனக்கு ‘பரரதியரர்’ பெரிய சோதனையா என்று ஒரு கணம் தோன்றியது. ஒரு கணம்தான். ஏடு எழுதியவர் ஓலை கிழியாமல் எழுத்தாணி பிடித்தவர், அவருக்கு மன்னிப்பு உண்டு. கிரெடிட் கார்டு நம்பர் கேட்டு வாங்கியவர்களுக்குக் கிடையாது.

ரீடரின் தனிக் குற்றங்களைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். தேடலில் சொல்லின் முதல் எழுத்தில் இருந்துதான் பொருத்திப் பார்க்கிறது. ‘சிந்தாமணி’ என்று தேடினால் ‘சிந்தாமணியை’ கிடைக்கும், ‘சீவகசிந்தாமணி’ கிடைக்காது. ‘புத்தகம்’ என்று முழுசாக அடித்தால் ‘புத்தகத்தை’, ‘புத்தகங்கள்’ எல்லாம் விட்டுப்போகும், ‘புத்தக’ என்று நிறுத்த வேண்டும். ‘ராமசாமி’ என்றால் ‘இராமசாமி’ வரமாட்டார். ஒரு சொல்லின் மேல் விரலை வைத்து அழுத்தினால் அகராதி திறக்கும், ஆங்கிலச் சொல்லாக இருந்தால். ‘யமகம்’ என்றால் என்ன என்று கேட்டால் பொருள் இல்லை என்று கைவிரிக்கும். சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்சிகன் 1936-லேயே ஆறு தொகுதியாக முடிந்துவிட்டது, இணையத்தில் சும்மா கிடக்கிறது. அதை உள்ளே வைக்க இவர்களுக்கு என்ன தடை? கூடவே வந்த தமிழ் எழுத்துரு ஒன்றே ஒன்று, அதுவும் நூல் மாதிரி மெலிசு. இரண்டு ஓரமும் ஒட்டி நிற்கிற மாதிரி வரிகளை அமைத்தால் ‘பாராட்டிக்கொண்டிருந்தார்களென்பதை’ போன்ற ஒரு சொல் அடுத்த வரிக்குப் போய், மேல் வரியில் மூன்றே சொற்கள் ஆளுக்கொரு மூலையில் நிற்கும். இடப்பக்கம் மட்டும் ஒட்டுகிற மாதிரி மாற்றும் வசதி எங்கோ நாலாவது மெனுவுக்குள் ஒளிந்திருக்கிறது.

‘இப்போ என்ன படிக்கிறீங்க’ என்று ஆபீஸில் யாராவது கேட்டால் இப்போதெல்லாம் கொஞ்சம் தயங்குகிறேன். காரணம் 1880-ல் நம்ம கும்பகோணத்தில் நடந்த ஒரு பேச்சு. உ.வே.சா. அந்த வருஷம்தான் கும்பகோணம் காலேஜில் தமிழ்ப் பண்டிதராகச் சேர்ந்திருந்தார். ஊருக்கு முன்சீபாக மாற்றலாகி வந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்கிறார். இவருக்கு உற்சாகம். அந்தாதி இத்தனை, பிள்ளைத்தமிழ் இத்தனை, உலா, கோவை என்று அடுக்கிக்கொண்டே போகிறார். எதற்கும் முதலியார் முகத்தில் அசைவே இல்லை. இதையெல்லாம் படித்து என்ன பிரயோஜனம் என்கிற மாதிரி இருக்கிறார். கடைசியில் சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்று கேட்கிறார். இவர் படித்ததில்லை, ஏட்டைக்கூடப் பார்த்ததில்லை. பிறகு முதலியாரே சிந்தாமணிப் பிரதி ஒன்றைக் கொடுக்கிறார். அங்கே இருந்துதான் பதிப்பு வேலை எல்லாம் தொடங்குகிறது. ஒருவர் இன்னொருவரிடம் என்ன படித்தாய் என்று கேட்டதில் தமிழுக்கு இவ்வளவு லாபம் வந்த வேறு சந்தர்ப்பம் எனக்குத் தெரியவில்லை. அந்த அத்தியாயத்தை ரயிலில் படித்துவிட்டு, சாயங்காலம் வந்து அதே கல்லூரிப் பக்கமாகக் காவிரிப் பாலத்தைத் தாண்டி வீட்டுக்குப் போனேன். தினமும் போகிற பாதைதான்.

இன்னொன்று. சிந்தாமணி ஜைன காவியம், அதில் பல இடம் அவருக்குப் பிடிபடவில்லை. கும்பகோணத்திலேயே ஜைனர்கள் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு வீட்டுக்குப் போகிறார். வாசலில் மாவிலைத் தோரணம், உள்ளே விசேஷ வீட்டுக் களை. என்ன விசேஷம் என்று கேட்டால், சிந்தாமணி படித்து வந்தோம், இன்றைக்குப் பூர்த்தியாயிற்று என்கிறார்கள். தமிழ் வித்துவான்களுக்கே ஏடு கிடைக்காத நூலை அந்த வீட்டில் படித்து முடித்து விழா எடுக்கிறார்கள். படித்ததும் ரீடரைக் கொஞ்ச நேரம் மடியில் கவிழ்த்து வைத்துவிட்டேன். என் ரீடரில் ஒரு புத்தகம் முடிந்தால் என்ன ஆகும் தெரியுமா? கடைசி வரியைத் தாண்டி ஒரு தட்டு தட்டினால் திரை முழுக்க ஒரு பெட்டி வரும். இந்த நூலுக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள்? கீழே, இதைப் படித்தவர்கள் இவற்றையும் வாங்கினார்கள் என்று நாலு அட்டைப்படம். ஞானாம்பாள் கதை முடிந்தபோது ஒரு பங்குச்சந்தைப் புத்தகத்தைக் காட்டியது. யார் அதைப் படித்துவிட்டு இதை வாங்கினார்களோ!

அடுத்தது என்ன என்று இரண்டு வரிசையில் நிற்கின்றன. ஒன்று, உ.வே.சா. எழுதிய மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் சரித்திரம், இரண்டு பாகம். குருவைப் பற்றி இந்தப் புத்தகத்தில் வருவதே போதாது என்று ஆகிவிட்டது. மாணவனுக்குச் சங்கீதம் பிடித்திருக்கிறது, கோபாலகிருஷ்ண பாரதியாரிடமே கற்றுக்கொள்கிறான் என்று தெரிந்ததும், அது தமிழ்ப் படிப்பைக் கெடுக்கும் என்று நிறுத்தச் சொன்ன மனுஷர். எனக்கு அவர் மேல் பாதி மரியாதை, பாதி வருத்தம். முழுசாகத் தெரிந்துகொள்ள வேண்டும். இன்னொன்று, ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. புதுச்சேரியில் கவர்னர் டூப்ளேக்கு துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்தவர், 1736-ல் இருந்து 1761 வரை, தான் கண்டது கேட்டதை எல்லாம் அன்றாடம் எழுதி வைத்தவர். கப்பல் வந்தது, யாருக்கு யார் என்ன நஜர் கொடுத்தார்கள், துரையின் மனைவி என்ன சொன்னாள் என்று பேச்சுத் தமிழிலேயே போகும். சில பக்கம் புரட்டிப் பார்த்ததிலேயே கிறுக்குப் பிடித்துவிட்டது. ஆனால் என்னிடம் இருப்பது ஸ்கேன் செய்த பிடிஎஃப். ஆறங்குலத் திரையில் முழுப் பக்கம் வந்தால் எழுத்து எறும்பு அளவுக்கு இருக்கிறது. ஓரத்தை வெட்டி, கருவியைப் படுக்கைவாக்கில் திருப்பி, ஒரு பக்கத்தை இரண்டு துண்டாகப் படிக்க வேண்டும். அதுவும் ஒவ்வொரு தட்டுக்கும் யோசித்து யோசித்துத்தான் திரும்பும். தேடல் என்ற பேச்சே இல்லை, அதனால் அந்த வயிற்றெரிச்சலும் இல்லை.

சரி, தம்பிக்குப் பதில். நீ படிப்பது இன்றைய தமிழ் நாவல், சிறுகதை. புத்தகக் கண்காட்சியில் கழிவில் வாங்குகிறாய், படித்ததை எனக்கும் தருகிறாய். ரீடர் வாங்கினால் அதைத் தர முடியாது, கடையில் இருக்கிற மின்நூலில் பாதிக்கு மேல் யாரும் மெய்ப்புப் பார்க்காதது, நாலு வருஷத்தில் பேட்டரி போனால் கம்பெனி கைவிரிக்கும். தள்ளுபடி போக அந்த விலைக்கு நல்ல அலமாரி ஒன்று செய்யலாம், மீதியில் அதை நிரப்ப ஆரம்பிக்கலாம். ஆகவே வேண்டாம். இதை நான் மாற்றிக்கொள்ளவில்லை. நாளைக்கே என்னுடையது கீழே விழுந்து உடைந்தால் நான் என்ன செய்வேன் என்று கேட்காதே, அது வேறு கேள்வி.

இதை எழுதி முடிக்கிற நேரத்தில் அவனிடம் இருந்து போனில் ஒரு படம் வந்தது. ஆர்டர் போட்டுவிட்டானாம், வியாழக்கிழமை வருகிறதாம். அப்படியானால் கேட்டுக்கொள். வந்ததும் முதல் வேலையாக வரியமைப்பை இடப்பக்கம் ஒட்டுவதாக மாற்று. நல்ல தடித்த தமிழ் எழுத்துரு ஒன்றைக் கணினியில் இருந்து ஏற்று, நான் தருகிறேன். வைஃபையை அணை. கண்ணாடிப் பக்கம் மேலே இருக்கிற மாதிரி பையில் வைக்காதே, உன் டிபன் கேரியர் கனம் எனக்குத் தெரியும். எந்தப் பெயரைத் தேடினாலும் கடைசி எழுத்தை விட்டுவிட்டு அடி. கௌதமனோ கௌசல்யாவோ கிடைக்கவில்லை என்றால் பயப்படாதே, கொம்பு, க, அப்புறம் பள்ளத்தில் வருகிற ள. வந்துவிடுவார்கள்.